வாய்ஸ் ரெக்கார்டருக்கு அப்டேட் போடும் முன் கார்டை வெளியே எடுங்கள்

நிக்காஹ் மஜ்லிஸில் ஓதப்பட்ட குத்பா, மதரஸா பிள்ளைகளின் கிராஅத், ஊரில் இருக்கும் உம்மம்மா சொன்ன பழைய கதைகள் என்று குரல்களைப் பதிந்து வைப்பதற்காகவே கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. பயான் பதிவதற்காக ஒன்றை வைத்திருக்கும் பள்ளிவாசல்களும் உண்டு. கையில் செல்பேசி இருக்கும்போது இது எதற்கு என்று இளைய பிள்ளைகள் கேட்பார்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்கு அழைப்பு வராது. இடம் நிறைந்துவிட்டது, புகைப்படங்களை அழியுங்கள் என்று சொல்லாது. மைக்கும் நல்ல மைக். அதனால்தான் இன்னும் இதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கருவி ஒரு நாள் மக்கர் செய்யும். புதிய மெமரி கார்டைப் போட்டால் திரையில் 'கார்டு எரர்' என்று வரும். அல்லது நேற்றுப் பதிந்த ஃபைல் கார்டில் இருக்கும், ஆனால் ஓடாது. உடனே வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை, "ஃபர்ம்வேர் அப்டேட் போட்டா சரியாயிடும் வாப்பா" என்று சொல்லும். சில நேரம் அதுதான் சரியான வைத்தியம். சில நேரம் அந்த அப்டேட் வேலையே கார்டில் மிச்சம் இருந்த குரலையும் அழித்துவிடும். எது எப்போது என்பதையும், அப்டேட் போடுவதென்று முடிவானால் எந்த வரிசையில் போட வேண்டும் என்பதையும் பார்ப்போம்.

உள்ளே இருப்பது என்ன?

ரெக்கார்டரும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். மைக்கிலிருந்து வரும் ஒலியை ஒரு சிப் எண்களாக மாற்றுகிறது. அந்த எண்களை இன்னொரு சிப் வாங்கி, ஃபைலாக அடுக்கிக் கார்டில் எழுதுகிறது. எந்தப் பட்டனை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும், திரையில் என்ன தெரிய வேண்டும், கார்டில் எந்த முறையில் எழுத வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக் கொடுக்கும் நிரல்தான் ஃபர்ம்வேர். அது குடியிருப்பது கருவிக்குள்ளேயே இருக்கும் ஃபிளாஷ் மெமரியில். நாம் போடும் எஸ்டி கார்டில் அல்ல. கார்டைக் கழற்றிவிட்டாலும் ரெக்கார்டர் ஆன் ஆகித் திரையைக் காட்டுவது அதனால்தான்.

1967இல் ஆஷர் ஓப்லர் என்பவர் 'டேட்டாமேஷன்' இதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஹார்டுவேருக்கும் சாஃப்ட்வேருக்கும் நடுவில் நிற்பது என்ற கருத்தில் வந்த சொல். தமிழில் 'நிலைபொருள்' என்று எழுதுகிறார்கள். கடைக்காரரிடம் அப்படிக் கேட்டால் அவர் விழிப்பார் என்பதால் இங்கே ஃபர்ம்வேர் என்றே வைத்துக்கொள்வோம்.

கம்பெனிகள் இந்த நிரலில் உள்ள தவறுகளைத் திருத்தி, அல்லது புது வசதி சேர்த்து, தங்கள் இணையதளத்தில் இலவசமாகக் கொடுப்பதுதான் அப்டேட். சில நேரம் அது பெரிய லாபமாகவே இருக்கும். ஜப்பானிய நிறுவனமான ஜூம் 2011இல் வெளியிட்ட எச்2என் ரெக்கார்டருக்கு 2016இல் 2.00 என்ற அப்டேட் வந்தது. அதைப் போட்டவர்களுக்கு, சுற்றியுள்ள ஒலியைத் திசையோடு சேர்த்துப் பதியும் 'ஸ்பேஷியல் ஆடியோ' வசதி கிடைத்தது. பெட்டியைப் பிரித்தபோது இல்லாத ஒன்று, ஐந்தாண்டு கழித்துச் செலவில்லாமல் வந்து சேர்ந்தது. (இந்த ஜூம் வேறு, பிள்ளைகள் ஆன்லைன் வகுப்புக்குப் பயன்படுத்திய ஜூம் வேறு. தேடும்போது பலர் குழம்புவது இங்கேதான்.)

கோளாறு உண்மையில் எங்கே இருக்கிறது?

ரெக்கார்டர் விஷயத்தில் ஃபர்ம்வேர் மீது போடப்படும் பழிகளில் பல அதன் பழியே அல்ல. அப்டேட் தேடும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலாவது, கார்டின் அளவு. எஸ்டி கார்டுகளில் இங்கே நாம் பார்க்க வேண்டியவை மூன்று தலைமுறைகள். 2 ஜிபி வரை சாதாரண எஸ்டி. அதற்கு மேல் 32 ஜிபி வரை எஸ்டிஎச்சி. அதற்கும் மேலே போனால், அதாவது கடையில் கிடைக்கும் 64 ஜிபி முதல், எஸ்டிஎக்ஸ்சி. மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே எழுதும் முறை வேறு. 2 ஜிபிக்கு மேல் 32 ஜிபி வரை உள்ளவை ஃபேட்32 என்ற முறையில் வரும். 64 ஜிபி முதல் எக்ஸ்ஃபேட் என்ற முறை. ஜூம் எச்4என், எச்1என் போன்ற பிரபலமான மாடல்கள் 32 ஜிபி வரைதான் ஏற்கும் என்று அவற்றின் கையேட்டிலேயே இருக்கிறது. அதில் 128 ஜிபி கார்டைச் செருகிவிட்டு எரர் வருகிறதே என்றால், அது கோளாறு அல்ல. இன்று கடையில் 32 ஜிபி கேட்டால், "அதெல்லாம் பழசு பாய், 128 வாங்கிக்குங்க, விலை வித்தியாசம் கொஞ்சம்தான்" என்பார்கள். ரெக்கார்டருக்கு வேண்டாம். சிடி தரத்தில், அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ் 16 பிட் ஸ்டீரியோவில் பதிந்தால் நிமிடத்துக்குச் சுமார் 10.6 எம்பி, மணிக்குச் சுமார் 635 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டில் ஏறத்தாழ 50 மணி நேரம் பதியலாம். ஒரு மாதத்து ரமலான் பயான்களுக்கே அது தாராளம்.

இரண்டாவது, "இரண்டு மணி நேரத்தோடு பதிவு நின்றுவிட்டது" என்ற புகார். பல ரெக்கார்டர்கள் ஒரு ஃபைல் 2 ஜிபி அளவை எட்டியதும் அதை மூடிவிட்டு அடுத்த ஃபைலைத் தானாகத் தொடங்கும். 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட்டில் பதிந்தால் அந்த 2 ஜிபி சுமார் 2 மணி 4 நிமிடத்தில் நிறையும். சிடி தரத்தில் என்றால் 3 மணி 22 நிமிடம். ஆகவே மிச்சம் தொலைந்து போகவில்லை. அடுத்த எண்ணுள்ள ஃபைலில் இருக்கிறது. முதல் ஃபைலை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு, அடுத்ததைக் குப்பை என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு. நிகழ்ச்சியின் கடைசியில் ஓதிய துஆ இப்படித்தான் காணாமல் போகும்.

மூன்றாவது, பதிவின் நடுவில் பேட்டரி தீர்ந்தது, அல்லது யாரோ கார்டைப் பிடுங்கியது. வேவ் ஃபைலின் தலைப்பகுதியில் அதன் மொத்த நீளம் குறிக்கப்பட வேண்டும். பதிவை நிறுத்தும்போதுதான் முழு நீளம் தெரியும் என்பதால், கடைசிக் கணக்கு அப்போதுதான் எழுதப்படும். ஸ்டாப் அழுத்தாமல் மின்சாரம் போனால் அந்தக் கணக்கு எழுதப்படாமல் போகலாம். ஃபைல் சுழியம் அளவு என்று காட்டும், அல்லது ஓடாது. உள்ளே ஒலி பெரும்பாலும் கார்டில் இருக்கும். இதை மீட்பதற்கென மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட் இதைத் திருப்பித் தராது. இந்தக் கட்டுரையில் ஒரு வரி மட்டும் நினைவில் நிற்குமானால் அது இதுவாகவே இருக்கட்டும்.

நான்காவது, போலிக் கார்டு. மேலே 64 ஜிபி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். முதல் சில பதிவுகள் நன்றாக ஓடும், பிறகு பதிந்தவை பெயர் மட்டும் காட்டும், சத்தம் வராது. விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவசக் கருவியால் கார்டு முழுவதும் எழுதிப் பார்த்துச் சோதிக்கலாம். புதிதாக வாங்கிய காலிக் கார்டில் மட்டும் செய்ய வேண்டிய சோதனை இது.

இந்த நான்கும் இல்லை, கோளாறு தொடர்கிறது என்றால் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான அப்டேட் பக்கத்தைத் திறந்து, அதில் என்ன திருத்தியிருக்கிறார்கள் என்ற பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலும் நாலைந்து வரிதான் இருக்கும். உங்கள் பிரச்சினை அதில் இருந்தால் போடுங்கள். உங்களுக்குத் தேவையான வசதி இருந்தாலும் போடுங்கள். ரெக்கார்டர் நன்றாக ஓடுகிறது, பட்டியலில் உங்களுக்குச் சம்பந்தமானது எதுவும் இல்லை என்றால் விட்டுவிடலாம் என்பதே என் கருத்து. செல்பேசிக்குப் பாதுகாப்பு அப்டேட் தவறாமல் போட வேண்டும். அது எப்போதும் இணையத்தில் இருக்கிறது. இணையத்தோடு தொடர்பே இல்லாத ஒரு ரெக்கார்டருக்கு அந்த அவசரம் கிடையாது.

இன்னொன்று. பெயர் தெரியாத கம்பெனிகளின் மலிவான பேனா வடிவ ரெக்கார்டர்கள், பென்டிரைவ் வடிவ ரெக்கார்டர்கள் போன்றவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அப்டேட்டே கிடையாது. தேடினால் ஏதோ ஒரு தளம் "உங்கள் கருவிக்கான டிரைவர்" என்று ஒன்றைக் கொடுக்கும். அதைத் தொடாதீர்கள். ஃபர்ம்வேரை எப்போதும் கருவி செய்த கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும்.

கார்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை

பெரும்பாலான ரெக்கார்டர்களில் அப்டேட் ஃபைலை எஸ்டி கார்டில் காப்பி செய்து, அந்தக் கார்டைக் கருவியில் போட்டுத்தான் அப்டேட் செய்ய வேண்டும். ஆபத்து இங்கேதான் நுழைகிறது. பலரும் கருவியில் ஏற்கெனவே இருக்கும் கார்டையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு ஃபைலை அழிக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது? கார்டின் பொருளடக்கப் பக்கத்தில் அதன் பெயருக்கு நேரே 'இந்த இடம் காலி' என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். ஒலி அந்த இடத்திலேயே இருக்கும், அடுத்து யாராவது அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும் வரை. தவறுதலாக அழிந்த பதிவையும், மூடப்படாமல் போன பதிவையும் மீட்க முடிவது இந்த இடைவெளியில்தான். அந்தக் கார்டில் சில எம்பி அளவுள்ள அப்டேட் ஃபைலைக் காப்பி செய்தீர்கள் என்றால், கம்ப்யூட்டர் அதைக் 'காலி' என்று குறித்த இடத்தில் வைக்கும். அது உம்மம்மாவின் குரல் இருந்த இடமாகவும் இருக்கலாம். அதற்கும் மேல், சரியாகட்டும் என்று கார்டை ஃபார்மேட் வேறு செய்துவிட்டால் மீட்பது இன்னும் கடினம்.

ஆகவே பதிவுகள் உள்ள கார்டை முதலில் வெளியே எடுங்கள். எஸ்டி கார்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன லாக் விசை இருக்கும். அதைக் கீழே தள்ளிவிட்டால் எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும். மைக்ரோ எஸ்டியில் இந்த விசை இல்லை, அடாப்டரில் இருக்கும். கார்டு ரீடரில் போட்டு எல்லா ஃபைல்களையும் கம்ப்யூட்டருக்குக் காப்பி எடுங்கள். பிறகு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலோ பென்டிரைவிலோ இரண்டாவது காப்பி. காப்பி ஆனதும் ஃபைலின் பெயரைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், கடைசியில் கொஞ்சம் ஓடவிட்டுக் கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு அனுப்பிவிட்டோமே, வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்று இருப்பவர்களுக்கு: ஒலியை அங்கே பேசிப் பதிந்தோ, வீடியோவாக மாற்றியோ அனுப்பினால் தரம் குறையும். மூல ஃபைலை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால்தான் அது அப்படியே போகும். 2 ஜிபி வரை அனுப்பலாம். ஆனாலும் அதை ஒரே காப்பியாக நம்பக் கூடாது. யாராவது செல்பேசியை மாற்றும்போது போய்விடும்.

அப்டேட்டுக்கென்று தனியாக ஒரு சின்னக் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபியோ 8 ஜிபியோ போதும். பழைய செல்பேசியில் கிடந்த மைக்ரோ எஸ்டி இருந்தால் அதையே பயன்படுத்தலாம். கம்ப்யூட்டரில் அல்லாமல் ரெக்கார்டரிலேயே போட்டு, அதன் மெனுவில் உள்ள ஃபார்மேட் மூலம் ஃபார்மேட் செய்யுங்கள். கருவிக்கு எந்த முறை வேண்டுமோ அந்த முறையில் அது தானே தயாராகிவிடும்.

மாடல் பெயரில் ஒரு எழுத்து

ஜூம் எச்1 வேறு, எச்1என் வேறு. முதலாவது 2010இல் வந்தது, இரண்டாவது 2018இல். எச்4என் வேறு, 2016இல் வந்த எச்4என் புரோ வேறு. டாஸ்கம் கம்பெனியில் டிஆர்-05 வேறு, டிஆர்-05எக்ஸ் வேறு. டிஆர்-40 வேறு, டிஆர்-40எக்ஸ் வேறு. வெளியே பார்த்தால் சகோதரர்கள் போல இருந்தாலும் உள்ளே சிப்புகள் மாறியிருக்கும். ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றொன்றுக்குப் பொருந்தாது. கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் சின்ன லேபிளில், பேட்டரி மூடிக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் பெயர் முழுமையாக இருக்கும். அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்து எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது கருவியில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்பதையும் பாருங்கள். எச்4என்னில் மெனுவுக்குள் 'சிஸ்டம்', அதற்குள் 'வெர்ஷன்'. டாஸ்கமில் 'இன்ஃபர்மேஷன்' என்ற பக்கம். ஏற்கெனவே கடைசிப் பதிப்பே இருந்தால் வேலை இங்கேயே முடிந்தது. பெட்டியோடு வந்த கையேடு தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், கம்பெனியின் தளத்தில் அதே பக்கத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும்.

ஃபைலைத் தயார் செய்வது

டவுன்லோடு செய்தால் பெரும்பாலும் ஸிப் ஃபைலாக வரும். அந்த ஸிப்பை அப்படியே கார்டில் போட்டால் ரெக்கார்டருக்கு அது என்னவென்றே தெரியாது. பிரித்து, உள்ளே இருக்கும் ஃபைலை மட்டும் எடுக்க வேண்டும். ஜூம் கருவிகளுக்கு அது 'பின்' என்று முடியும் ஒரே ஒரு ஃபைலாக இருக்கும்.

இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. இதே ஃபைலை இரண்டு முறை டவுன்லோடு செய்திருந்தால், அல்லது இரண்டு முறை ஒரே இடத்தில் காப்பி செய்திருந்தால், கம்ப்யூட்டர் இரண்டாவதின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் 1 அல்லது 2 என்று ஒட்டிவிடும். ரெக்கார்டர் தேடுவது ஒரு குறிப்பிட்ட பெயரை மட்டும். ஒரு எழுத்து கூடினாலும் 'ஃபைல் இல்லை' என்றுதான் சொல்லும். பெயரை நாமே மாற்றவும் கூடாது. சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒரே ஒரு முறை புதிதாக டவுன்லோடு செய்யுங்கள்.

கார்டில் எங்கே வைப்பது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஜூம் கருவிகளில் எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், கார்டைத் திறந்ததும் தெரியும் முதல் இடத்திலேயே வைக்க வேண்டும். டாஸ்கமின் டிஆர் வரிசையில் கார்டில் 'யூட்டிலிட்டி' என்றொரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் வைக்க வேண்டும். கருவியிலேயே ஃபார்மேட் செய்த கார்டு என்றால் அந்த ஃபோல்டர் ஏற்கெனவே இருக்கும். காப்பி முடிந்ததும் கார்டைச் சட்டென்று பிடுங்காமல் 'எஜெக்ட்' கொடுத்து எடுங்கள்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு செல்பேசியிலும் இதைச் செய்யலாம். செல்பேசியின் சார்ஜர் துளையில் பொருந்தும் கார்டு ரீடர் கடையில் கிடைக்கும். ஸிப்பைப் பிரிக்க செல்பேசியின் ஃபைல்ஸ் ஆப் போதும்.

அந்த இரண்டு மூன்று நிமிடம்

புதிய பேட்டரி போடுங்கள். நேற்று ஒரு மணி நேரம் ஓடிய பேட்டரி அல்ல, கவரைப் பிரித்த புதியது. எச்1என்னுக்கு ட்ரிபிள் ஏ இரண்டு, எச்4என்னுக்கும் எச்2என்னுக்கும் டபுள் ஏ இரண்டு, டிஆர்-40க்கு டபுள் ஏ மூன்று. பேட்டரி குறைவாக இருந்தால் ஜூம் கருவிகள் அப்டேட்டைத் தொடங்கவே விடாது. அந்தப் பாதுகாப்பு வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. ஃபிளாஷ் மெமரியில் பழையதன் மேல் புதியதை நேரடியாக எழுத முடியாது. முதலில் அந்தப் பகுதியைத் துடைக்க வேண்டும், பிறகுதான் எழுத வேண்டும். துடைத்ததற்கும் எழுதி முடித்ததற்கும் நடுவில் கருவிக்குப் பழைய நிரலும் இல்லை, புதிய நிரலும் இல்லை. அந்த நேரத்தில் மின்சாரம் போனால் அடுத்த முறை ஆன் செய்யும்போது என்ன செய்ய வேண்டும் என்றே அதற்குத் தெரியாது. சுவர் மின்சாரத்தில் அடாப்டர் வைத்துச் செய்வதாக இருந்தாலும் உள்ளே புதிய பேட்டரியும் இருக்கட்டும். நம் ஊர் கரண்டை நம்பி இந்த வேலையைச் செய்யக் கூடாது.

ஜூமின் எச்4என், எச்2என், எச்1என் ஆகியவற்றில், கருவியை ஆஃப் செய்து, தயார் செய்த கார்டைப் போட்டு, பிளே பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்ய வேண்டும். இப்போதுள்ள பதிப்பும் புதிய பதிப்பும் காட்டி, அப்டேட் செய்யலாமா என்று கேட்கும். 'யெஸ்' கொடுத்தால் தொடங்கிவிடும். டாஸ்கமில் பட்டன் சேர்க்கை மாடலுக்கு மாடல் மாறுகிறது. ஸிப்போடு அல்லது அதே பக்கத்தில் ஒரு வழிமுறைத் தாள் இருக்கும், அதில் உள்ளபடி செய்யுங்கள். யூடியூபில் வேறு மாடலுக்குச் சொன்னதை உங்கள் மாடலில் முயல வேண்டாம்.

தொடங்கிய பிறகு கையை எடுத்துவிடுங்கள். மேசை மீது வையுங்கள். எந்தப் பட்டனையும் தொட வேண்டாம், கார்டை ஆட்ட வேண்டாம், சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும். முடிந்ததும் 'கம்ப்ளீட்' என்று வரும். அதன் பிறகுதான் ஆஃப்.

நின்றுவிட்டால்?

திரை உறைந்தது போல இருந்தாலும் உடனே பேட்டரியைக் கழற்றாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். அப்போதும் அசைவில்லை என்றால் வேறு வழியில்லை, கழற்றிவிட்டு, மீண்டும் புதிய பேட்டரி போட்டு, அதே பட்டனைப் பிடித்து ஆன் செய்து பாருங்கள். கருவி ஆன் ஆனதும் முதலில் ஓடும் சிறு நிரல் ஒன்று உண்டு, பூட்லோடர் என்பார்கள். அது பெரும்பாலும் தனி இடத்தில் இருப்பதால், முக்கிய நிரல் பாதியில் நின்றிருந்தாலும் இது உயிரோடு இருந்து இரண்டாவது முயற்சியை ஏற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. அதுவும் நடக்கவில்லை என்றால் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும்.

இந்த அபாயம் சிறியதுதான், ஆனால் இருக்கிறது. அதனால் நாள் பார்த்துச் செய்யுங்கள் என்று சொல்வேன், ஜோசியக்காரர் சொல்லும் நாள் அல்ல. நாளைக்கு மகளுக்கு நிக்காஹ், இன்று இரவு அப்டேட் என்பது வேண்டாம். முன்னால் ஒரு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

முடிந்த பிறகு

சிஸ்டம் மெனுவில் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால், அடுத்துத் தேதியும் நேரமும். பேட்டரி மாற்றியதாலோ அப்டேட்டாலோ இவை பழைய நிலைக்குப் போயிருக்கலாம். தேதி தவறாக இருந்தால் இன்றைய பதிவும் பல வருடத்துக்கு முந்தையது என்றே ஃபைலில் பதிவாகும். பின்னாளில் வாப்பாவின் குரல் எந்த வருடம் பதிந்தது என்று பிள்ளைகள் தேடும்போது குழப்பம் வரும்.

அடுத்துப் பதிவுத் தரம். சில கருவிகளில் அது எம்பி3க்கு மாறியிருக்கும், அல்லது தானாக ஒலியளவைச் சரிசெய்யும் வசதி ஆன் ஆகியிருக்கும். பேட்டரி வகை என்றொரு அமைப்பும் உண்டு. ரீசார்ஜ் பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5 வோல்ட். எதைப் போட்டிருக்கிறோம் என்று சரியாகச் சொல்லாவிட்டால் திரையில் காட்டும் பேட்டரி அளவு பொய் சொல்லும். பயான் நடுவில் அணைந்து போவதற்கு இது ஒரு காரணம்.

பிறகு, காப்பி எடுத்து இரண்டு இடத்தில் கேட்டு உறுதி செய்த பழைய கார்டைக் கருவியிலேயே ஃபார்மேட் செய்து, பத்து நிமிடம் சோதனைப் பதிவு ஒன்று போடுங்கள். வீட்டுப் பேச்சையே பதியலாம். அதைக் கருவியிலும் கேளுங்கள், கம்ப்யூட்டரில் போட்டும் கேளுங்கள். ஆனால் மீட்க வேண்டிய பதிவு உள்ள கார்டு என்றால் அதை மட்டும் ஃபார்மேட் செய்யவே வேண்டாம். ஒரு உறையில் போட்டுப் பெயரும் தேதியும் எழுதித் தனியாக வைத்துவிடுங்கள். மீட்புத் தெரிந்த ஒருவர் கையில் கொடுக்கும் வரை அதை எந்தக் கருவியிலும் செருகக் கூடாது.

சர்வீஸ் கடைக்குக் கருவியைக் கொடுக்க நேர்ந்தால், மாடல் பெயர், சீரியல் எண், முன்பிருந்த பதிப்பு, போட முயன்ற பதிப்பு, திரையில் கடைசியாகத் தெரிந்தது என்ன என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள். அந்தத் தகவல் இருந்தால் அவர்களுக்குப் பாதி வேலை மிச்சம். கார்டைக் கருவியோடு கொடுக்காதீர்கள். அதில் வீட்டுப் பெண்களின் பேச்சும் குடும்ப விஷயங்களும் இருக்கும். பழுது பார்க்க அவை தேவையில்லை. சோதித்துப் பார்க்கக் கார்டு வேண்டும் என்று கேட்டால் அப்டேட்டுக்கு வைத்திருந்த அந்தச் சின்னக் கார்டைக் கொடுங்கள்.